அடுக்களைப் புகையும் வலது இதயமும்

பள்ளிப் பாடநூல்களில் இதயமும் நுரையீரலும் தனித்தனி அத்தியாயங்களில் கற்பிக்கப்படுகின்றன. சுவாச மண்டலம் ஒரு பாடம். இரத்த ஓட்ட மண்டலம் மற்றொரு பாடம். பெரிய மருத்துவமனைகளிலும் மார்பு நோய்ப் பிரிவு ஓரிடத்திலும் இதய நோய்ப் பிரிவு வேறோரிடத்திலும் இயங்குகின்றன. அரசின் வரவு செலவுத் திட்டத்திற்குள் வந்தால் இப்பிரிவினை மேலும் விரிகிறது. சமையல் எரிவாயு ஓர் அமைச்சகத்தின் பொறுப்பு; மேம்படுத்தப்பட்ட அடுப்பு இன்னோர் அமைச்சகத்தின் பொறுப்பு; இரத்த சோகை மூன்றாவது ஒன்றின் பொறுப்பு. மனித உடல் இத்தகைய துறைப் பிரிவினை எதையும் அறியாது.

இதனை உணர்த்தும் புதிர் ஒன்று 1950களில் டெல்லியில் எழுந்தது. மூச்சுத் திணறலோடும் வீங்கிய கால்களோடும் மருத்துவமனைக்கு வந்த பெண்கள் பலருக்கு இதயத்தின் வலப்பக்கம் பெருத்துச் சோர்ந்திருந்தது. இந்நோய் மேலை நாடுகளில் பெரும்பாலும் நெடுங்காலம் புகை பிடித்த ஆண்களுக்கு வருவதாக மருத்துவ நூல்கள் கூறின. டெல்லிப் பெண்களில் மிகச் சிலரே புகை பிடிப்பவர்கள். அவ்வாறாயின் அவர்களது இதயம் எதனால் கெட்டது? விடை அடுக்களையில் இருந்தது. அடுக்களையிலிருந்து வலது இதயம் வரையிலான வழியை அறிய, இவ்விரு உறுப்புகளும் நடத்தும் கூட்டுப் பணியை முதலில் காண்பது அவசியமாகும்.

ஒரே சுற்று, இரண்டு விசைகள்

இதயம் ஓர் உறுப்பாகத் தோன்றினும், அது சுவர் ஒன்றினால் பிரிக்கப்பட்ட இரண்டு விசைப் பம்புகள் ஆகும். உடலெங்குமிருந்து திரும்பி வரும், பிராணவாயு குறைந்த இரத்தம் வலப்பக்கத்தை அடைகிறது. வலது கீழறை அதனை நுரையீரலுக்குச் செலுத்துகிறது. அங்கே கரியமில வாயுவை விடுத்துப் பிராணவாயுவை ஏற்ற இரத்தம் இடப்பக்கத்திற்கு வந்து சேர்கிறது. இடது கீழறை அதனை உடல் முழுவதற்கும் அனுப்புகிறது. மூளைக்கும் சிறுநீரகத்திற்கும் தசைகளுக்கும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. நுரையீரலுக்கோ பங்கு என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் வழியே சென்றாக வேண்டும். சரக்கு முழுவதும் ஒரே ரயில் சந்திப்பைக் கடந்துதான் செல்ல வேண்டும் என்ற நிலைக்கு இதனை ஒப்பிடலாம். அச்சந்திப்பில் ஏற்படும் நெரிசல் இரு பக்கமும் பரவும்.

இவ்வுண்மை மனிதனுக்குப் புலப்பட நெடுங்காலம் ஆயிற்று. உணவிலிருந்து கல்லீரலில் இரத்தம் உற்பத்தியாகி, உறுப்புகளைச் சென்றடைந்து, அங்கேயே செலவழிந்து விடுகிறது என்பது கிரேக்க மருத்துவர் கேலன் வகுத்த கொள்கை. அது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்தது. இரத்தம் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்பக்கத்தை அடைய முடியும் என்று 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அந்நபீஸ் எழுதி வைத்தார். அவரது கையெழுத்துப் படி 1924இல் பெர்லினில் கண்டறியப்படும் வரை ஐரோப்பிய உலகம் அவரை அறிந்திருக்கவில்லை. கேலனின் கொள்கையை முற்றாக வீழ்த்தியவர் 1628இல் தம் நூலை வெளியிட்ட ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி ஆவார். அவர் கையாண்ட கருவிகளுள் வலிமை மிக்கது ஓர் எளிய பெருக்கல் கணக்கு. ஒரு துடிப்பில் அரை அவுன்ஸ் இரத்தம் வெளியேறுவதாகவும், அரை மணி நேரத்தில் ஆயிரம் முறை இதயம் துடிப்பதாகவும் கொண்டால், அரை மணியில் 500 அவுன்ஸ் இரத்தம் வெளியேறுகிறது. இது உடலில் உள்ள இரத்தம் முழுவதையும் விட மிகுதி. உண்ணும் உணவால் இவ்வளவு இரத்தத்தை அரை மணிக்கொரு முறை புதிதாக உண்டாக்க இயலாது. ஆகவே அதே இரத்தம்தான் சுற்றி வருகிறது என்பது அவர் முடிவு. உற்பத்தி என்று கருதப்பட்டது உண்மையில் சுழற்சி என்பதைக் கணக்குப் போட்டு நிறுவிய இச்செயல் பொருளியல் மாணவர்களும் அறியத் தக்கது.

இன்றைய அளவீடுகள் இவை: ஓய்வாக இருக்கும் வயது வந்தோர் ஒருவரது இதயம் நிமிடத்திற்குச் சுமார் 72 முறை துடித்து, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதாவது நிமிடத்திற்கு 5 லிட்டர். நாள் ஒன்றுக்கு 7,000 லிட்டருக்கு மேல். இதே வேளையில் ஒவ்வொரு மூச்சிலும் அரை லிட்டர் காற்று உள்ளே சென்று வருகிறது. அதில் சுமார் 150 மில்லிலிட்டர் மூச்சுக் குழாய்களிலேயே தங்கி விடுவதால், நுண்ணறைகளை எட்டும் புதிய காற்றின் அளவும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர்தான். காற்றும் இரத்தமும் கிட்டத்தட்ட சம அளவில் சந்திக்கின்றன என்பது கருதத் தக்கது. நிமிடத்திற்குப் பதினைந்து மூச்சு எனக் கொண்டால் நாளொன்றுக்கு 21,600 மூச்சு ஆகிறது. யோக நூல்களிலும் சித்தர் மரபிலும் இவ்வெண்ணே வழங்கி வருவதைப் பலர் அறிவர்.

சந்திப்பு நடைபெறும் இடம் நுரையீரலின் காற்று நுண்ணறைகள். அவை முப்பது கோடிக்குக் குறையாதவை. அவற்றை விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சவ்வின் கனம் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. ஒரு சிவப்பணு இந்த நுண்குழாயைக் கடந்து செல்ல ஓய்வு நிலையில் முக்கால் விநாடி எடுத்துக் கொள்கிறது. பிராணவாயு ஏறி முடிவதற்குக் கால் விநாடியே போதும். எஞ்சிய அரை விநாடி வீணன்று. ஓடும்போதும் சுமை தூக்கும்போதும் இரத்தம் விரைந்து பாய்கையில் அந்த அரை விநாடிதான் காப்பாகிறது.

இடமும் வலமும் சமமாக

வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே அளவு இரத்தத்தைச் செலுத்தியாக வேண்டும். வலது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே ஒரு மில்லிலிட்டர் கூடுதலாக அனுப்பி, இடப்பக்கம் அதனை ஏற்காமல் விட்டால், ஒரு மணி நேரத்தில் 4 லிட்டருக்கும் அதிகமான இரத்தம் நுரையீரலில் தேங்கி விடும். உடல் இதனை எவ்வாறு தவிர்க்கிறது? மிகுதியாக வந்து சேரும் இரத்தம் இதயத் தசை நாரை நீட்டுகிறது. நீண்ட நார் அடுத்த துடிப்பில் அதிக விசையோடு சுருங்குகிறது. ஜெர்மானியர் ஆட்டோ ஃபிராங்க், ஆங்கிலேயர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆகிய இருவரின் பெயரால் இந்த விதி வழங்குகிறது. மேலிருந்து ஆணை எதுவும் வராமல், வந்த சரக்கின் அளவே அனுப்பும் அளவைத் தீர்மானிக்கும் ஏற்பாடு இது.

இந்தச் சமநிலை இடப்பக்கத்தில் குலைவதற்கு இந்தியாவில் நெடுங்காலமாகக் காணப்படும் சான்று ருமாட்டிக் இதய நோய் ஆகும். குழந்தைப் பருவத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சி கவனிக்கப்படாமல் விடப்படும்போது, சிலருக்கு அதனைத் தொடர்ந்து காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வருகின்றன. பின்னர் இதயத்தின் இடப்பக்கத்தில் உள்ள மிட்ரல் வால்வு தடித்துச் சுருங்குகிறது. கதவு குறுகிவிட்டதால் இரத்தம் பின்னோக்கித் தேங்கி நுரையீரலில் நீர் கசிகிறது. நோயாளிக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது. இரவில் எழுந்து உட்கார்ந்து இருமுகிறார். நோய் இதயத்தில், துன்பம் நுரையீரலில். கருவுற்ற காலத்தில் உடலின் இரத்த அளவு வழக்கத்தை விட ஏறத்தாழ பாதி அளவு வரை உயர்வதால், அதுவரை தெரியாதிருந்த இந்நோய் இளம் பெண்களிடம் அப்போதுதான் வெளிப்படுவது உண்டு. நெருக்கமான குடியிருப்பும் எட்டாத மருத்துவமும் உள்ள இடத்தில் வளரும் நோய் இது. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடப்படும் பென்சிலின் ஊசி மீண்டும் தாக்குவதைத் தடுக்கவல்லது. மருந்து மலிவானது. பல ஆண்டுகள் தவறாமல் ஊசி போடச் செய்யும் அமைப்புத்தான் அரிதாக இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான சித்ரா செயற்கை வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது பெருமைக்குரிய சாதனையே. ஆயினும் அது தடுத்திருக்கக் கூடிய நோய் ஒன்றின் கடைசிக் கட்டத்திற்கான பரிகாரம் ஆகும்.

சுமக்கும் வண்டிகள்

காற்றிலிருந்து இரத்தத்திற்கு ஏறும் பிராணவாயு நீரில் கரைவது போல் கரைந்து செல்வது மிகச் சொற்பம். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அவ்வாறு கரைவது 0.3 மில்லிலிட்டர் மட்டுமே. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் இருப்பதால்தான் அது 20 மில்லிலிட்டராக உயர்கிறது. ஆகவே இதயம் நிமிடத்திற்கு அனுப்பும் 5 லிட்டர் இரத்தம் சுமார் 1,000 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமந்து செல்கிறது. ஓய்வில் இருக்கும் உடல் எடுத்துக் கொள்வது 250 மில்லிலிட்டர். மீதி 750 மில்லிலிட்டர் பயன்படாமல் திரும்பி வருகிறது. முக்கால் பங்குச் சரக்கோடு திரும்பும் வண்டிகளைக் கண்டால் எந்தத் தணிக்கை அதிகாரியும் ஆட்சேபக் குறிப்பு எழுதுவார். ஆனால் இது ஊதாரித்தனம் அன்று. தண்ணீர்க் குடத்தோடு மேட்டில் ஏறும் பெண் அந்தச் சேமிப்பிலிருந்துதான் எடுத்துக் கொள்கிறார்.

இரத்த சோகை இந்தச் சேமிப்பைக் கரைக்கிறது. ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்கு 15 கிராமிலிருந்து 7.5 கிராமாகக் குறைந்தால் அதே 5 லிட்டர் இரத்தம் 500 மில்லிலிட்டர் பிராணவாயுவை மட்டுமே கொண்டு செல்லும். இந்நிலையில் நுரையீரலால் உதவ இயலாது. இருக்கும் ஹீமோகுளோபினில் 97 சதவீதத்திற்கு மேல் ஏற்கெனவே நிரம்பி இருப்பதால், எவ்வளவு ஆழமாக மூச்சு இழுத்தாலும் பயனில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் வீடுதோறும் அறிமுகமான விரல் நுனிக் கருவியும் இங்கே ஏமாற்றி விடும். அது காட்டுவது ஏற்றப்பட்ட வண்டிகளின் சதவீதத்தை. வண்டிகள் எத்தனை என்பதை அன்று. பற்றாக்குறையை ஈடு செய்ய எஞ்சியுள்ள ஒரே வழி இதயம் விரைந்து துடிப்பதுதான். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்த சோகை உடையவர்கள். முந்தைய ஆய்வில், அதாவது 2015-16இல், இது 53 சதவீதமாக இருந்தது. இவர்களில் பெரும்பாலோரின் சோகை மேற்கண்ட கணக்கில் உள்ள அளவுக்குக் கடுமையானதன்று என்பது உண்மையே. எனினும் எத்தனையோ கோடி இதயங்கள் ஓய்விலும் கூடுதல் வேலை பார்க்கின்றன என்பதே இதன் பொருள்.

விறகுப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு இச்சுமையைக் கூட்டுகிறது. ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இவ்வாயுவைப் பற்றிக் கொள்கிறது. வண்டிகளின் எண்ணிக்கை ஏற்கெனவே குறைவு. அவற்றிலும் சில வேண்டாத சரக்கால் நிரப்பப்படுகின்றன.

நன்மை செய்யும் ஏற்பாடே தீமையாவது

இனி டெல்லிப் புதிரின் மையத்தை அணுகலாம். இடது கீழறை செலுத்தும் இரத்தத்தின் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 93 மில்லிமீட்டர் பாதரசம். வலது கீழறை நுரையீரலுக்குள் செலுத்துவதோ 15 மில்லிமீட்டரில் நடந்து விடுகிறது. மெல்லிய சவ்வுகளின் மீது அதிக அழுத்தம் கூடாது என்பதால் இயற்கை இவ்வாறு அமைத்துள்ளது. இதற்கேற்ப வலது கீழறையின் சுவரும் மெலிந்தது. இடச்சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கே இருக்கும். குறைந்த அழுத்தத்தில் நிறைந்த அளவைத் தள்ளும் வேலைக்கு அது போதும். அழுத்தம் உயர்ந்தால் அது தாங்காது.

அழுத்தம் ஏன் உயர்கிறது? 1946இல் ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் வான் ஆய்லர், கோரன் லில்யெஸ்ட்ராண்ட் ஆகிய இருவரும் பூனைகளில் செய்த சோதனையில் ஓர் உண்மையைக் கண்டனர். உடலின் மற்ற பகுதிகளில் பிராணவாயு குறைந்தால் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதிக இரத்தம் அங்கே வருகிறது. நுரையீரலில் இதற்கு நேர்மாறாக, பிராணவாயு குறைந்த பகுதியின் குழாய்கள் சுருங்குகின்றன. இதில் ஆழ்ந்த பொருள் உண்டு. சளி அடைத்த நுண்ணறைக்கு இரத்தத்தை அனுப்புவதில் பயனில்லை. காற்றோட்டம் உள்ள பகுதிக்கு அதனைத் திருப்பி விடுவதே சிக்கனம். இதயமும் நுரையீரலும் ஒன்றோடொன்று பேசிக் கொள்வது இக்குழாய்களின் வழியேதான் எனலாம்.

நுரையீரலின் ஒரு மூலையில் பழுது இருக்கும்போது இந்த ஏற்பாடு உயிர் காக்கிறது. நுரையீரல் முழுவதுமே பிராணவாயுக் குறைவில் இருந்தால்? எல்லாக் குழாய்களும் ஒருங்கே சுருங்குகின்றன. திருப்பி விட வேறிடம் இல்லை. ஒரு குடும்பம் செலவைச் சுருக்கினால் அது விவேகம். நாட்டில் எல்லாக் குடும்பங்களும் ஒரே சமயத்தில் சுருக்கினால் மந்தம் விளையும் என்று பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் சுட்டிய முரண்பாட்டின் உடற்கூற்று வடிவம் இது. நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறுகிறது. மெலிந்த வலச்சுவர் முதலில் தடித்து ஈடு கொடுக்கிறது. பின்னர் விரிந்து தளர்கிறது. உடலிலிருந்து வரும் இரத்தத்தை ஏற்க முடியாமல் கழுத்துச் சிரைகள் புடைக்கின்றன, கல்லீரல் பெருக்கிறது, கால்கள் வீங்குகின்றன. நுரையீரல் நோயால் வரும் இந்த இதயத் தளர்ச்சிக்கு மருத்துவர் இட்ட பெயர் கார் பல்மொனேல் என்பதாகும்.

இதே ஏற்பாட்டின் மற்றொரு முகத்தை இந்திய இராணுவ மருத்துவர்கள் இமயத்தில் கண்டனர். 1962ஆம் ஆண்டுப் போரை ஒட்டி, சமவெளியிலிருந்த வீரர்கள் உடல் பழகுவதற்கு அவகாசமின்றி உயர்ந்த மலைப் பகுதிகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். திடமான இளைஞர்கள் ஓரிரு நாளில் நுரை கலந்த சளியோடு மூச்சுத் திணறினர். முதலில் இது நிமோனியா எனக் கருதப்படுவதும் உண்டு. இன்தர் சிங் தலைமையில் இராணுவ மருத்துவர்கள் இதனை ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட கட்டுரை, உயர்மலை நுரையீரல் நீர்க்கோர்ப்பு பற்றிய அடிப்படை ஆய்வுகளுள் ஒன்றாக உலகெங்கும் மதிக்கப்படுகிறது. நுரையீரல் குழாய்கள் சீரற்றுச் சுருங்குவதால், சுருங்காத பகுதிகளில் இரத்தம் மிகுந்த அழுத்தத்தோடு பாய்ந்து நீர் கசிகிறது என்பது இன்றைய விளக்கம். படிப்படியாக மேலேறுதல், ஏறியதும் ஓய்வு, அறிகுறி தோன்றினால் உடனே கீழிறக்குதல் என இன்று கடைப்பிடிக்கப்படும் விதிகள் இவ்வகை அனுபவத்தில் விளைந்தவை. மலையேறிய வீரரைக் கீழே இறக்கினால் குழாய்கள் தளர்ந்து நோய் தணிகிறது. நாள்தோறும் இரு வேளை புகைக்குள் அமரும் பெண்ணை இறக்குவதற்கு அத்தகைய கீழ்நிலம் இல்லை.

டெல்லியில் கண்டது

லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் எஸ். பத்மாவதி 1917இல் பர்மாவில் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் பயின்று, போரின் காரணமாகக் குடும்பத்தோடு கோயம்புத்தூர் வந்து சேர்ந்து, பின்னர் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதய மருத்துவம் கற்றவர். 1953இல் டெல்லிக் கல்லூரியில் சேர்ந்த அவர் அங்கே இதய நோய்ப் பிரிவை நிறுவினார். சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி வலது இதயத்தின் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் முறை அப்போது உலகிலேயே புதியது. அதற்கான நோபல் பரிசு 1956இல்தான் வழங்கப்பட்டது.

அவரும் அவருடன் பணி புரிந்த பதக்கும் 127 நோயாளிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1959இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. ஆண்களிலும் பெண்களிலும் கார் பல்மொனேல் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்பட்டது. ஆண்களில் பெரும்பாலோர் புகை பிடிப்பவர்கள், பெண்களில் சிலரே. அது மட்டுமன்றி, பெண்களை இந்நோய் ஆண்களை விடப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே தாக்கியது. சிறு வயது முதலே சாணியும் விறகும் எரியும் அடுப்பின் முன் அமர்ந்து சமைப்பதே இதற்குக் காரணமாக இருக்கக் கூடும் என்ற திசையில் அந்த ஆய்வு வழிகாட்டியது.

அக்காலத்தில் இக்கருத்து பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை. நகரத் தொழிற்சாலைப் புகையை அளக்கக் கருவிகள் இருந்தன. கிராமத்து அடுக்களையில் அளப்பதற்கு யாரும் முன்வரவில்லை. 1980களின் தொடக்கத்தில்தான் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞரும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத்தின் நான்கு கிராமங்களில், சமைக்கும் பெண்களின் மூச்சுக்கு அருகில் கருவி பொருத்தி அளந்தனர். சமைக்கும் நேரத்தில் மிதக்கும் துகள்களின் அளவு கன மீட்டருக்குச் சராசரி 7 மில்லிகிராம் அளவில் இருந்தது. இன்று தனியே அளக்கப்படும் நுண்துகள்களுக்கு இந்தியா 2009இல் வகுத்த 24 மணி நேர வரம்பு 60 மைக்ரோகிராம் ஆகும். முன்னது எல்லா அளவுத் துகள்களையும் சேர்த்தது, அதுவும் சமைக்கும் வேளைக்கு மட்டுமே உரியது என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிடுதல் முறையன்று. ஒப்பிடாமலே நிலைமையின் கடுமை விளங்கும்.

இத்துகள்களுள் மிக நுண்ணியவை நுண்ணறை வரை சென்று தங்குகின்றன. மூச்சுக் குழாய்கள் அழன்று தடிக்கின்றன. நுண்ணறைச் சுவர்கள் சிதைகின்றன. அவற்றோடு நுண்குழாய்களும் அழிகின்றன. ஒரு புறம் பாதை குறைகிறது. மறுபுறம் எஞ்சிய குழாய்கள் சுருங்குகின்றன. வலது இதயம் இரண்டுக்கும் சேர்த்து உழைக்கிறது. நுண்துகள்களின் தாக்கம் இடப்பக்கத்தையும் விடுவதில்லை. அவை உண்டாக்கும் அழற்சி தமனிகளைக் கெடுத்து மாரடைப்புக்கும் பக்கவாதத்திற்கும் வழி கோலுகிறது. வீட்டுப் புகையால் 2020இல் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவர்களில் கணிசமானோர் இறந்தது இதய நோயாலும் பக்கவாதத்தாலும் ஆகும். ராஜஸ்தான் கல் குவாரித் தொழிலாளரின் சிலிக்கா நோயிலும் இறுதிக் கட்டத்தில் தளர்வது வலது இதயமே. அம்மாநில அரசு 2019இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது.

அடுப்புகளும் சிலிண்டர்களும்

பரிகார முயற்சிகள் இல்லாமல் இல்லை. ஹைதராபாதில் டாக்டர் எஸ்.பி. ராஜு 1950களிலேயே புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்துப் பரப்பினார். மத்திய அரசு 1983இல் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் அது முடிவுறும் வரை மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. எண்ணிக்கை இலக்கு நிறைவேறிற்று. அடுப்புகள் பலவும் நிலைக்கவில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தால் யார் சுத்தம் செய்வது, மண் விரிந்தால் யார் பூசுவது என்ற கேள்விகளுக்குத் திட்டத்தில் விடை இல்லை. விறகைச் சிக்கனப்படுத்துவதே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. நுரையீரல் பிற்சேர்க்கையாகவே வந்தது. புகைபோக்கி சரியாக இருந்த இடத்திலும் புகை வீட்டை விட்டுத் தெருவுக்குச் சென்றதேயன்றி மறையவில்லை.

2016 மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் பலியா நகரில் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டம் வேறு வழியை மேற்கொண்டது. அடுப்பைத் திருத்துவதற்குப் பதிலாக எரிபொருளையே மாற்றியது. எரிவாயு இணைப்பு பெண்ணின் பெயரில் வழங்கப்பட்டது; 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் அளிக்கப்பட்டன. தூய எரிபொருளில் சமைக்கும் குடும்பங்கள் 2015-16இல் 43.8 சதவீதமாக இருந்து 2019-21இல் 58.6 சதவீதமாக உயர்ந்தன. கிராமப் புறங்களில் இது 43.2 சதவீதம். இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது அரிதே.

ஆயினும் இணைப்பு வேறு, எரிப்பது வேறு. உஜ்வலாக் குடும்பம் ஒன்று சராசரியாக வாங்கிய சிலிண்டர்கள் 2019-20இல் 3.01, 2023-24இல் 3.95. ஒரு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. ஆண்டுக்கு நான்கு என்றால் மூன்று மாதத்திற்கு ஒன்று. ஐந்து பேர் உண்ணும் வீட்டில் அது எல்லாச் சமையலுக்கும் போதாது. தேநீருக்கும் அவசரத்திற்கும் எரிவாயு, ரொட்டிக்கும் பருப்புக்கும் விறகு என்ற பங்கீடுதான் நடக்கிறது. 2022 மே மாதத்தில் சிலிண்டருக்கு 200 ரூபாயாக அறிவிக்கப்பட்ட மானியம் 2023 அக்டோபரில் 300 ரூபாயாக உயர்த்தப்பட்டதற்கு இதுவே பின்னணி. காட்டோரத்தில் பொறுக்கும் சுள்ளிக்கும் மாட்டுக் கொட்டிலில் தட்டும் வறட்டிக்கும் ரொக்கம் தேவையில்லை. பெண்ணின் உழைப்பே அவற்றின் விலை. அவ்வுழைப்பு குடும்பக் கணக்கில் ஏறுவதில்லை. அவளது இதயத் தசையும் ஏறுவதில்லை.

விறகைப் பாதி குறைத்தால் நோயும் பாதியாகி விடும் என எதிர்பார்ப்பதற்கும் இல்லை. புகையின் அளவுக்கும் இதயப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பு நேர்கோடு அன்று. தொடக்கத்தில் சிறிதளவு புகையே பெரும் தீங்கு செய்கிறது. அதற்கு மேல் கூடக் கூடத் தீங்கு மெதுவாகவே ஏறுகிறது. கீழிறங்கும்போதும் இதே கதிதான். அடர்ந்த புகையிலிருந்து நடுத்தரப் புகைக்கு வருவதால் கிடைக்கும் பயன் சிறிது. கடைசிப் படிகளில்தான் பெரும்பயன் உள்ளது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் கருவுற்ற 3,200 பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்றும் இங்கே நினைவுகூரத் தக்கது. தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள் அதில் இடம் பெற்றன. எரிவாயு பெற்ற பெண்கள் சுவாசித்த நுண்துகள் அளவு கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராமாகக் குறைந்தது. மற்றவர்களுக்கு அது 70 அளவில் இருந்தது. ஆயினும் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2022இல் அறிவிக்கப்பட்டது. இதனைக் கொண்டு எரிவாயுவுக்குச் செய்த செலவு வீண் என்போர் உளர். அம்முடிவு அவசரமானது. ஒரு பேறுகாலத்து அளவுகோல் இருபது முப்பது ஆண்டுகளில் தடிக்கும் நுரையீரல் குழாய்களை அளக்க உதவாது. அதே வேளையில், சிலிண்டர் கொடுத்த உடனே பலன் புள்ளிவிவரத்தில் தெரியும் என்று திட்டமிடுவோர் எண்ணுவதும் சரியன்று.

தாமதமான நிலையில் மருத்துவம் செய்யக் கூடியது குறைவே. சிதைந்த நுண்ணறை மீண்டும் முளைப்பதில்லை. பிராணவாயுக் குறைவு கடுமையான நோயாளிகளுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரமோ அதற்கு மேலோ பிராணவாயு அளித்தால் ஆயுள் நீள்கிறது என்பதை 1980, 1981ஆம் ஆண்டுகளில் வெளிவந்த வட அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வுகள் நிறுவின. சுருங்கிய குழாய்கள் ஓரளவு தளர்வதால் வலது இதயத்தின் சுமை மேலும் ஏறாமல் தடுக்கப்படுகிறது. இதற்கு வீட்டில் பிராணவாயுச் செறிவூட்டும் கருவி வேண்டும். அதற்கு இடையறாத மின்சாரம் வேண்டும். அக்கருவி இயங்கும் இடத்தின் அருகே திறந்த நெருப்பு இருத்தல் ஆகாது என்பது அதன் அடிப்படைப் பாதுகாப்பு விதி. ஒரே அறையில் வாழ்ந்து, அந்த அறையிலேயே அடுப்பு மூட்டும் குடும்பத்தில் அதனை வைப்பதற்கு இடமில்லை.